சிறு குழந்தைகளுடன் கோடைக்காலக் கார்ப் பயணம்: 4 நாள், 15,000 ரூபாய்க்குள் முடியுமா?

2025 மார்ச் 9, ஞாயிறு

முடியும் என்பது என் கருத்து. சென்னையில் இருக்கும் நால்வர் கொண்ட குடும்பம், சொந்தக் காரில், மே மாதத்தில், 4 நாள் பயணத்தை 15,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். ஆனால் அதற்கு ஊட்டியையும் கொடைக்கானலையும் மனத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். தாம்பரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 550 கிலோமீட்டர். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்றால், நான்கில் இரண்டு நாளைக் குழந்தைகள் காரின் பின்இருக்கையிலேயே கழிப்பார்கள். என் மகளுக்கு 7 வயது, மகனுக்கு மூன்றரை. அவர்களுக்கு மலை வேண்டும், தண்ணீர் வேண்டும், ஓடுவதற்கு இடம் வேண்டும். அந்த மலையின் பெயர் அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல.

நான் நினைத்திருக்கும் வழி இது. சென்னையிலிருந்து வேலூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரி. அங்கு ஓர் இரவு. பிறகு திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர், மஞ்சவாடிக் கணவாய் வழியாகச் சேலம், அங்கிருந்து ஏற்காடு. அங்கு இரண்டு இரவு. திரும்பும்போது வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னை. மொத்தம் ஏறக்குறைய 770 கிலோமீட்டர். அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினால் குழந்தைகள் உறக்கத்திலேயே வேலூரைத் தாண்டிவிடலாம் என்று கணக்கிட்டிருக்கிறேன்.

இதே போன்ற பயணத்தைச் செய்தவர்கள் எங்கே பணம் கூடுதலாகப் போனது என்பதை எழுதினால் உதவியாக இருக்கும்.

2025 மார்ச் 10

இ-பாஸ் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இந்த இணைய அனுமதிச் சீட்டு நடைமுறையில் இருக்கிறது. ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் அது தேவையில்லை.

2025 மார்ச் 16

குற்றாலத்தை ஏன் சேர்க்கவில்லை என்ற கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளி விடுமுறை என்றதும் குற்றாலம் நினைவுக்கு வருவது இயல்பு. என் சிறுவயதில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கிளம்பினோம். ஆனால் குற்றாலத்தின் பருவம் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில்தான் தொடங்குகிறது. பள்ளிகளும் ஜூன் தொடக்கத்தில் திறந்துவிடுகின்றன. மே மாதத்தில் பெரும்பாலும் வெறும் பாறையைத்தான் பார்க்க முடியும். அதைவிட அச்சமூட்டுவது, மேலே மலையில் திடீரெனப் பெய்யும் கோடை மழை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் ஒரு கணத்தில் வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றதை நாம் எல்லோரும் அறிவோம். மூன்றரை வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மே மாதத்தில் எந்த அருவியின் அடியிலும் நிற்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஏற்காட்டின் கிளியூர் அருவியையும் அதனால்தான் பட்டியலில் வைக்கவில்லை. கோடையில் அங்கும் நீர் இருக்காது.

2025 மார்ச் 23

முதல் பதிவில் ஒரு தவறு செய்துவிட்டேன். அதிகாலை 3 மணிக்குக் கிளம்புவதாக எழுதியிருந்தேன். பல ஆண்டுகளாக வேன் ஓட்டிவரும் ஒருவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அன்று இரவு நீங்கள் எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்?” நான் வழக்கமாகப் பதினொன்றுக்குப் படுப்பவன். மூட்டை கட்டும் இரவில் அது பன்னிரண்டு ஆகும். மூன்று மணி நேர உறக்கத்தோடு, உறங்கும் இரண்டு குழந்தைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, விடியலுக்கு முந்தைய இருட்டில் நாற்கரச் சாலையில் ஓட்டுவதைத்தான் நான் சிக்கனம் என்று எண்ணியிருக்கிறேன். குழந்தைகள் உறங்குவார்கள் என்பதை மட்டும் பார்த்தேன். ஓட்டுபவருக்கும் உறக்கம் வரும் என்பதைப் பார்க்கவில்லை.

திருத்தம்: முந்தைய நாள் மாலைக்குள் மூட்டைகள் காருக்குள் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு வீடே உறங்க வேண்டும். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும்.

2025 ஏப்ரல் 2

நேற்று முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகன எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. நாளொன்றுக்கு ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000 மற்றும் 6,000. அங்கேதான் போவோம் என்பவர்கள் அறைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இ-பாஸை எடுத்துவிடுங்கள். அங்கு சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை இருப்பதால், எவர்சில்வர் பாட்டில்களோடு போவது நல்லது. நாங்கள் எங்கு போனாலும் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும் காருக்குள் ஒரு பெரிய கேனும் எடுத்துச் செல்கிறோம். நான்கு நாளில் தண்ணீர் பாட்டிலுக்கு ஆகும் செலவை எழுதிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

2025 ஏப்ரல் 13

குழந்தை இருக்கை பற்றி மனைவிக்கும் எனக்கும் மூன்று நாளாகப் பேச்சு. மகனுக்கு வாங்கியது அவனுக்குச் சிறிதாகிவிட்டது. புதிதாக வாங்கினால் பயணத்துக்கான நிதியில் பெரும் பங்கு போய்விடும். “மடியில் வைத்துக்கொள்கிறேனே” என்றாள் அவள். மடியில் வைத்திருக்கும் குழந்தையைத் திடீர் பிரேக்கின்போது எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது, விசை அத்தகையது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருக்கைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஆனால் அபராதத்துக்காக இதை நான் எழுதவில்லை.

முடிவில் தெருக்கோடியில் இருக்கும் ஒரு நண்பரின் வீட்டில் கேட்டோம். அவர்கள் பிள்ளை வளர்ந்துவிட்டதால் இருக்கை பரணில் இருந்தது. விபத்தைச் சந்திக்காதது என்பதையும், பட்டைகள் நைந்திருக்கவில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டு வாங்கி வந்தோம். சிக்கனத்துக்கு என்னிடம் ஓர் எல்லைக் கோடு இருக்கிறது: அறையில் குறைக்கலாம், சாப்பாட்டில் குறைக்கலாம், இந்த இருக்கையில் குறைக்கக் கூடாது.

2025 ஏப்ரல் 27

மே 5, திங்கட்கிழமை கிளம்புகிறோம். 8, வியாழன் திரும்புகிறோம். வார நாட்கள் என்பதால் அறை வாடகை குறைவு. அக்னி நட்சத்திரம் 4-ஆம் தேதியே தொடங்கிவிடுகிறது என்பதால், முற்பகல் 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வெளியில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

வாணியம்பாடிப் பக்கம் போகிறவர்கள் ஆலங்காயம் வழியாகக் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானியல் ஆய்வகத்துக்கும் போகலாம் என்று ஒருவர் நினைவூட்டினார். 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் இடம். 1986-இல் அந்தத் தொலைநோக்கிக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. மகளுக்குக் காட்ட எனக்கு மிகுந்த ஆசை. ஆனால் பொதுமக்களுக்குச் சனிக்கிழமைதான் அனுமதி. அதற்காகப் பயணத்தை வார இறுதிக்கு மாற்றினால் அறைகளின் கணக்கே மாறிவிடும். அவளுக்குப் பத்து வயது ஆகட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறேன்.

2025 மே 9, வெள்ளி

திரும்பிவிட்டோம். நேற்று இரவே எழுத நினைத்தேன், கை ஒழியவில்லை. முதலில் கணக்கு, ஏனென்றால் அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

பெட்ரோல் 4,850 ரூபாய். சுங்கச்சாவடிகள் 790. தங்கியது 8,072. சாப்பாடு 3,150. படகு, பூங்கா, வண்டி நிறுத்தம் எல்லாம் சேர்த்து 880. ஆகக் கூட்டுத்தொகை 17,742. என் கருத்து 2,742 ரூபாயால் பொய்த்தது.

எங்கே தவறியது என்பதும் தெளிவாகத் தெரிகிறது. ஏற்காட்டில் ஒரு விடுதியில் இரவுக்கு 2,400 என்று தொலைபேசியில் சொன்னார்கள். இரண்டு இரவுக்கு 4,800 என்று எழுதி வைத்திருந்தேன். போய் இறங்கியதும், ஐந்து வயதைத் தாண்டிய குழந்தைக்குக் கூடுதல் மெத்தை கட்டாயம், இரவுக்கு 400 என்றார்கள். மெத்தை வேண்டாம், கட்டிலிலேயே படுத்துக்கொள்வாள் என்றேன், விதி என்றார்கள். அதன் மேல் 12 விழுக்காடு ஜிஎஸ்டி. கட்டியது 6,272. வேறு இடம் தேடலாம் என்றால் மகன் தோளில் உறங்கிக்கொண்டிருக்கிறான், மணி ஐந்து. உறங்கும் குழந்தையைச் சுமந்து நிற்கும் தகப்பனால் பேரம் பேச முடியாது. முன்பதிவு செய்யும்போதே “7 வயது, 3 வயது என இரண்டு குழந்தைகள், மெத்தை, வரி எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை என்ன?” என்று கேட்டு, அதைக் குறுஞ்செய்தியாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏலகிரியில் நாங்கள் அப்படித்தான் கேட்டோம். 1,800 என்றார்கள், 1,800தான் கட்டினோம்.

2025 மே 10

இப்போது வழியைப் பற்றி.

ஐந்து மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்கு வேலூர்க் கோட்டைக்குப் போய்விட்டோம். அகழியை ஒட்டிய நிழலில் அம்மா கட்டிக் கொடுத்த இட்லியைப் பிரித்தோம். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் வைத்துக் கட்டிய இட்லி. குழந்தைகளுக்குத் தனியாகப் பருப்புப் பொடியும் நெய்யும். மதியத்துக்குத் தயிர்சாதம். அதைப் பாலூற்றிப் பிசைந்து, ஒரு கரண்டித் தயிர் மட்டும் விட்டுக் கொடுத்திருந்தார் அம்மா. மதியம் ஒரு மணிக்குத் திறந்தபோது புளிப்பே இல்லாமல் அப்போதுதான் உறைந்தது போல் இருந்தது. முதல் நாள் முழுவதும் வெளியில் சாப்பாட்டுக்கு எங்களுக்கு ஆன செலவு, இரண்டு தேநீரும் வெள்ளரிப்பிஞ்சும்.

கோட்டையில் ஒன்றரை மணி நேரம் ஓடி ஆடிவிட்டுக் காருக்குத் திரும்பியபோதுதான் அது நடந்தது. நிழலில் நிறுத்திய கார் வெயிலுக்கு வந்திருந்தது. மகனைத் தூக்கி இருக்கையில் வைத்தேன். கால்சட்டை மேலேறியிருந்த தொடையில் இருக்கைப் பட்டையின் உலோகக் கொக்கி பட்டது. வீறிட்டான். ஓர் அங்குல நீளத்துக்குச் சிவந்துவிட்டது. குளிர்ந்த நீரில் துணியை நனைத்துப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அங்கேயே நின்றோம், கொப்புளம் எழவில்லை. மணி அப்போது பத்துகூட ஆகவில்லை. அதன் பிறகு, எங்கே நிறுத்தினாலும் இருக்கையின் மேல் ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு இறங்கினோம். ஏறுவதற்கு முன் கொக்கியை என் கையால் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி கூடிவிடும். கடையில் ஒரு பொருள் வாங்கும் நேரத்துக்குக்கூடக் குழந்தையைக் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

2025 மே 10, இரவு

மகளுக்குக் கார் ஓட்டம் ஒத்துக்கொள்ளாது என்பதால் மலைச்சாலைதான் எங்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். கபிலர், ஔவையார், பாரி, பேகன் என்று பலகைகள் வரிசையாக வருகின்றன. மனைவி ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை சொல்லிக்கொண்டே வந்தாள். அடுத்த பலகை எங்கே என்று மகள் கண்ணாடி வழியாகத் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் கதை முடிந்தபோது மலை முடிந்துவிட்டது. அவள் ஒருமுறைகூட வயிற்றைப் பிசைகிறது என்று சொல்லவில்லை.

மறுநாள் ஏற்காடு. அங்கே 20 வளைவுகள். மதிய உணவுக்காகச் சேலத்துக்குள் போய்விட்டு, வயிறு நிறைந்த நிலையில் மேலே ஏறினோம். களைப்பில் நாங்கள் இருவரும் பேசவில்லை. சும்மா இருக்கட்டும் என்று கைப்பேசியை அவளிடம் கொடுத்தது என் பிழை. எட்டாவது வளைவில் “அப்பா, தலை சுத்துது” என்றாள். ஒன்பதாவது வளைவில் நிறுத்த இடம் கிடைப்பதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. முன்இருக்கையின் பின்புறம், அவளுடைய செருப்பு, தம்பியின் போர்வை எல்லாம் நனைந்துவிட்டன. எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரக் கொடுத்து, முகம் கழுவி, அரை மணி நேரம் சாலையோரம் உட்கார்ந்திருந்தோம்.

அதே குழந்தை, இரு மலைகள். கண் தூரத்தைப் பார்த்தால், உடல் உணரும் அசைவும் கண் காணும் அசைவும் ஒத்துப்போகின்றன. கைப்பேசித் திரையைப் பார்த்தால் கண் “நீ அசையவில்லை” என்கிறது, காது “அசைகிறாய்” என்கிறது, வயிறு குழம்பிவிடுகிறது. இதைப் படித்து அறிந்திருந்தும் அன்றைக்குக் கடைப்பிடிக்கவில்லை.

2025 மே 12

ஏலகிரியா, ஏற்காடா என்று கேட்டவருக்கு: ஏலகிரி ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். அந்த வேறுபாட்டை உடம்பே சொல்லும். ஏலகிரியில் மதிய வெயில் கீழே இருப்பதைவிடச் சற்றுத்தான் குறைவு. மாலை ஐந்துக்குப் பிறகு புங்கனூர் ஏரிக்கரையில் காற்று குளிர்ந்தது. ஏற்காட்டில் இரண்டாம் நாள் மாலை நல்ல மழை. மழை விட்டபின் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்று கீழே சேலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதை மகன் என் தோளில் உட்கார்ந்து பார்த்தான். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. படகுக்குக் கொடுத்த பணத்தைவிட அந்த அரை மணி நேரத்தைத்தான் அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மே கடைசியில் ஏற்காட்டில் கோடை விழா நடக்கும்போது, ஏறுவதற்கு அடிவாரம் வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று ஒருவழியாக மாற்றுவார்கள். கூட்டத்தை விரும்பாதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். நாங்கள் திரும்பும்போது குப்பனூர் வழியாகத்தான் இறங்கினோம். நேரே அயோத்தியாப்பட்டணத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம், சேலம் நகருக்குள் நுழையத் தேவையில்லை.

2025 மே 14

கணக்கில் ஒன்றை விட்டுவிட்டேன். விக்கிரவாண்டிக்கு முன் பின்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கினால் அதில் பாதிக் காற்றுதான் இருக்கிறது. கிளம்பும் முன் நான்கு சக்கரங்களுக்கும் காற்று பார்த்தேன், ஐந்தாவதைப் பார்க்கவில்லை. மணி மூன்று, தார்ச்சாலை கொதிக்கிறது. மனைவியையும் குழந்தைகளையும் சாலைத் தடுப்புக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-ஐ அழைத்தேன். சுற்றுக்காவல் வண்டி வந்து, காருக்குப் பின்னால் கூம்புகளை வைத்து மற்ற வண்டிகளை விலக்கிவிட்டார்கள். சக்கரத்தை மாற்றி, மெதுவாக ஓட்டிப்போய், அடுத்த பெட்ரோல் பங்கில் காற்றடித்துக்கொண்டோம். பங்குகளில் காற்றும் குடிநீரும் கழிப்பறையும் இலவசம் என்பதைப் பலர் கேட்டுப் பெறுவதில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் தயங்காமல் கேளுங்கள்.

காத்திருந்த நேரத்தில் மரத்தடியில் நுங்கு விற்ற பாட்டி, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு நுங்கைச் சீவிக் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பஞ்சர் ஒட்ட 150. ஆக, சரியான கூட்டுத்தொகை 17,892.

2025 மே 18

ஒரு வாரம் யோசித்ததில் தோன்றுவது இது. இரண்டு மலைகளைச் சேர்த்தது தேவையற்றது. ஏலகிரியிலேயே இரண்டு இரவு தங்கிவிட்டு வேலூர் வழியாகத் திரும்பியிருந்தால் ஓட்டம் 770-லிருந்து ஏறக்குறைய 480 கிலோமீட்டராகக் குறைந்திருக்கும். மொத்தச் செலவும் பத்தாயிரத்தை ஒட்டி நின்றிருக்கும். மனைவி இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏற்காட்டின் அந்த மழை மாலை அவளுக்கு 7,000 ரூபாய்க்குத் தகும் என்கிறாள். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கிற வீட்டுக்கு நான் இப்போது சொல்வது, ஒரே ஊர், ஒரே அறை, குறைந்தது இரண்டு இரவு. மூட்டையைப் பிரித்துக் கட்டும் ஒவ்வொரு காலையிலும் அரை நாள் போய்விடுகிறது.

2025 ஆகஸ்ட் 17

தனியார் கார்களுக்கான ஃபாஸ்டேக் ஆண்டுச் சீட்டு 15-ஆம் தேதி முதல் வந்திருப்பதால் மீண்டும் எழுதுகிறேன். 2025-இல் 3,000 ரூபாய், ஓராண்டு அல்லது தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளை 200 முறை கடப்பது, இதில் எது முன்னதோ அதுவரை. எங்கள் பயணத்துக்குச் சுங்கம் 790தான் ஆனது என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை கிளம்புகிறவர்களுக்கு இது தேவையில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மதுரைக்கோ நெல்லைக்கோ ஓட்டிப்போகிறவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2025 செப்டம்பர் 24

இரு நாட்களுக்கு முன்பிருந்து, நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. மே மாதத்தில் இது இருந்திருந்தால் எங்கள் ஏற்காட்டுச் செலவு 6,272-க்குப் பதில் 5,880 ஆகியிருக்கும். அடுத்த கோடைக்கு ஏலகிரி மட்டும் என்று நானும், ஏற்காடும் வேண்டும் என்று மனைவியும் இருக்கிறோம். மகள் பேகன் வளைவுப் பக்கம் நிற்கிறாள். நண்பருக்குத் திருப்பிக் கொடுத்த குழந்தை இருக்கையை அடுத்த ஆண்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் மகன் அதற்கும் வளர்ந்துவிடுவானா என்று ஜனவரியில் உயரம் அளந்து பார்க்க வேண்டும்.